கூடுதல் விவரம் தேவை

அந்த நகராட்சி அலுவலகத்தில் அவனுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் பெரிய மேடம் வரை எல்லோருக்கும் அவன் ‘கிளியர்’. இணையத்தில் வரும் தெருப் புகார்களைப் பார்க்கும் மேசை அவனுடையது. எரியாத விளக்கு, அள்ளாத குப்பை, பெயர்ந்த நடைபாதை என்று ஊரில் யாருக்கு எங்கே கால் இடறினாலும் அது முதலில் அவன் திரையில்தான் வந்து விழும். விழுந்தது எதுவும் அங்கே வெகுநேரம் கிடக்காது. அதனால் வந்த பட்டம்தான் கிளியர்.

வேலை முடிந்து கிளியர் ஆனது என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். வேலை நடப்பது வேறு, திரை சுத்தமாவது வேறு.

புகார் வந்ததும் பச்சைப் புள்ளி. கெடு நெருங்கினால் மஞ்சள். தாண்டினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மேடத்தின் அறைச் சுவரில் இருக்கும் பெரிய திரையிலும் அது தெரியும், மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வருவார். ஓடுகிற கெடுவை நிறுத்த ஒரே ஒரு பொத்தான்தான் உண்டு. அதன் பெயர் ‘கூடுதல் விவரம் தேவை’. அதை அழுத்தி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், கடிகாரம் நின்றுவிடும். புகார் கொடுத்தவர் பதில் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஓடும். போடாவிட்டால் புகார் கொஞ்ச நாளில் தானாகவே உயிரை விட்டுவிடும். பாதிப் பேர் பதில் போடுவதில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை.

கேள்வி கேட்பதில் அவன் கைதேர்ந்தவன். விளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தின் எண் என்ன என்பான். நாய் துரத்துகிறது என்றால் நாயின் நிறம் கேட்பான். குப்பை அள்ளவில்லை என்றால் ஈரக் குப்பையா, உலர்ந்த குப்பையா என்று ரொம்ப அக்கறையோடு விசாரிப்பான். ஒரு புகாருக்கு மூன்று முறைதான் பொத்தானை அழுத்த முடியும். ஆனால் மூன்றாவது கேள்விவரை தாக்குப்பிடிக்கிற மகாராசர்கள் ஊரில் மிகக் குறைவு.

அவன் கெட்டவன் இல்லை. ஒப்பந்த ஊழியன். அவனை நிரந்தரமாக்கும் தாளில் மேடம் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதற்கு இருந்த ஒரே நிபந்தனை, அந்த மாதம் அவன் கணக்கில் சிவப்பு விழக்கூடாது. வருடக்கணக்காக அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதுதான் அந்த மூச்சு தடுமாறியது.

சாப்பாட்டு மேசையில் அவனும் மனைவியும் மாமனாரும். மாமனாருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து தேய்ந்துகொண்டே வந்து இப்போது நடுவில் ஒரு தட்டளவுக்குத்தான் மிச்சம். தட்டு என்றால் தட்டுதான் தெரியும், பக்கத்தில் இருக்கும் தண்ணீர் தெரியாது. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, போனை எடுத்துப் பார்த்து, பல்லைக் கடித்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் மாமனார், பல் கடிபட்ட சத்தத்தை வைத்தே.

“உங்க மாப்பிள்ளை ஆபீஸ்ல ஒரு அறிவாளி இருக்கான்ப்பா. நம்ம தெரு முனையில வடிகால் மூடி உடைஞ்சு கிடக்குல்ல, அதை நான் ஆன்லைன்ல போட்டிருந்தேன். முதல்ல என்ன கேட்டான் தெரியுமா? படம் தெளிவா இல்லையாம். டாக்டர் கையெழுத்தையே படிச்சு மருந்து எடுத்துக் குடுக்கிறவ நான். எனக்குத் தெளிவா தெரியுது, அவனுக்குத் தெரியலையாம். சரின்னு வேற படம் அனுப்பினேன். மூடி சிமெண்டா இரும்பான்னு கேட்டான். சொன்னேன். இப்போ கேக்குறான், ‘சாலையைப் பார்த்து நின்றால் உடைந்த மூடி இடப்பக்கமா, வலப்பக்கமா?’ன்னு.”

மாமனார் சிரித்தார். அவனுக்குக் கையில் எடுத்த வாய்ச் சோறு அங்கேயே நின்றுவிட்டது.

இடப்பக்கமா வலப்பக்கமா என்று அன்று மதியம்தான் அவன் தட்டினான். புகார் கொடுத்தவர் பெயர் அவன் திரையில் வராது, எண் மட்டும்தான். பழிவாங்கல் ஏதும் கூடாது என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. தெரு தன் தெரு என்று அவனுக்குத் தெரியும். எதிர்வீட்டு மாடிக்காரர்தான் போட்டிருப்பார், மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு மூன்று முறையும் அழுத்தியிருந்தான்.

“நீ போட்டேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே,” என்றான். குரல் ஒரு மாதிரியாக வந்தது.

“உங்ககிட்ட சொல்லி? முன்னாடி ஒருதடவை சொன்னேன். முறைப்படி ஆன்லைன்ல வரணும், தெரிஞ்சவங்கன்னு செஞ்சா தப்பாயிடும்னு பாடம் எடுத்தீங்க. அதான் முறைப்படி போட்டேன். நீங்க திட்டப் பிரிவு. உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

இதுதான் அடுத்த சங்கடம். பெண் பார்க்க வந்தபோது, என்ன வேலை என்று மாமனார் கேட்டதற்கு, ‘நகராட்சியில் திட்டப் பிரிவு’ என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். உண்மையில் அவன் மேசை திட்டப் பிரிவின் வாசலுக்கு வெளியே, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றைக்குச் சொன்னதைத் திருத்த நல்ல நேரம் ஒன்றும் வாய்க்கவில்லை. மாமனார் தன் சிநேகிதர்களிடமெல்லாம், ‘ஊரு வரைபடமே எங்க மாப்பிள்ளை கையில’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“விடும்மா. எனக்காகத்தானே பயப்படுற? அந்தப் பள்ளம் எனக்குப் பழகிப்போச்சு,” என்றார் மாமனார். “குச்சியை நீட்டுவேன். ஒண்ணும் தட்டலையா, பள்ளம் வந்துடுச்சுன்னு அர்த்தம். சுவத்தோரமா ஒட்டிக்கிட்டுத் தாண்டிடுவேன். நான் டீ குடிக்கப் போறதை எந்தப் பள்ளமும் நிறுத்த முடியாது.”

“ஒருநாள் கால் தவறினா?” என்றாள் அவள். சொல்லிவிட்டு போனை எடுத்து, ‘இடப்பக்கம்’ என்று விரலாலேயே குத்திக் குத்தி அனுப்பினாள்.

அவ்வளவுதான். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. இனிப் பொத்தான் வேலை செய்யாது. வியாழன் மாலை கெடு. வெள்ளி காலை கையெழுத்து. அன்று இரவு அவனுக்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் போகாததுமாக வடிகால் பிரிவுக்குப் போன் போட்டான். வேலையை அனுப்பினால் முடித்துக் கொடுப்பீர்களா என்று கேட்டால், வடிகால் மேஸ்திரி அந்தப் பக்கம் சிரித்தார்.

“மூடியா? இருந்தாத்தானே போடுறதுக்கு? வார்ப்புக்காரன் அடுத்த மாசம்தான் குடுப்பான். அனுப்புங்க, அனுப்புங்க. எங்ககிட்ட ஏற்கெனவே கொட்டிக் கிடக்கு, அதோட ஒண்ணா கிடக்கட்டும்.”

அனுப்பினால் சிவப்பு நிச்சயம். மேடத்திடம் நேராகப் போய்ச் சொல்லலாமா என்று எழுந்தான். என்னவென்று சொல்வது? ‘இது என் மனைவியின் புகார்’ என்றா? ‘மூன்று தடவை வேண்டுமென்றே இழுத்தடித்தேன்’ என்றா? தண்ணீர் இயந்திரத்தில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தான், மறுபடி தண்ணீர் குடித்தான். புதன்கிழமை முழுவதும் இதே கதைதான். “கிளியர், சர்க்கரை வியாதியா இருக்கப்போகுது, போய்ப் பாருங்க,” என்றாள் பக்கத்து மேசைக்காரி. திரையில் அந்தப் புள்ளி மஞ்சளாகி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு மாலையும் அவன் அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான், மாமனார் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று. “நானும் வரேன் மாமா, எனக்கும் டீ குடிக்கணும்,” என்றான். கையைப் பிடித்தால் உதறுவார் என்று தெரிந்து, பிடிக்காமல் பிடிப்பதுபோலப் பின்னாலேயே நடந்தான். அந்த முனை வந்ததும் மாமனாரின் குச்சி காற்றில் ஒருமுறை ஆடியது. நின்றார். சுவரைத் தொட்டார். ஒட்டினாற்போல் நகர்ந்து தாண்டினார். அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்குத்தான் முதுகு நனைந்தது.

“என்ன மாப்பிள்ளை, ரெண்டு நாளா வாலு மாதிரி வர்றீங்க? ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா.”

வெள்ளிக்கிழமை மட்டும் தாண்டட்டும், அப்புறம் நானே எப்படியாவது ஒரு மூடி போட வைக்கிறேன் என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான். யாரிடம் செய்தான், யார் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வியாழன் காலை அவனுக்கு அந்த யோசனை வந்தது. மனைவி குளியலறையில் இருந்தாள். மாமனார் இன்னும் எழுந்திருக்கவில்லை. நடையில் ஒரு பழைய அலமாரி உண்டு, போர்வையும் படுக்கை விரிப்பும் வைப்பது. அவன் மேல்தட்டிலிருந்த போர்வைகளை அள்ளிக் கீழே அடுக்கிவிட்டு, தட்டை உருவினான். நல்ல கனமான பலகை. மேல்பக்கம் ரோஜாப்பூ போட்ட ஒட்டுத்தாள். ஒரு விடுமுறை நாள் பூராவும் உட்கார்ந்து, காற்றுக் குமிழி இல்லாமல் அவள் தேய்த்துத் தேய்த்து ஒட்டியது.

பலகையைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு முனைக்குப் போனான். பள்ளத்தின் மேல் வைத்தான். அளவு அப்படி ஒன்றும் மோசமில்லை. பூப் பக்கம் வழுக்கும் என்று அதைக் கீழாகக் கவிழ்த்தான். காலால் அழுத்திப் பார்த்தான். ஒரு மூலை கொஞ்சம் ஆடியது, அடியில் ஒரு சின்னக் கல்லை நுழைத்தான். ஆட்டம் நின்றது, அல்லது நின்றதாக அவன் எடுத்துக்கொண்டான். போனில் நெருக்கமாக ஒரு படம் எடுத்தான். செய்யும்போது அவனுக்குத் தன்மேலேயே கொஞ்சம் மரியாதைகூட வந்தது. பள்ளமும் மூடியாயிற்று, புகாரும் முடித்தாயிற்று, மாமாவுக்கும் ஆபத்தில்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

அலுவலகத்தில் படத்தை ஏற்றி, ‘சரிசெய்யப்பட்டது’ என்று மூடினான். மூடிய இடத்துக்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. அடுத்த சில மாதங்களுக்கு அதே இடத்தில் யார் புகார் போட்டாலும், ‘இங்கே சமீபத்தில் பழுது பார்க்கப்பட்டுள்ளது’ என்று இயந்திரமே பதில் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். திரும்பத் திறக்க மேடத்தால் மட்டும்தான் முடியும். இந்த விதி எப்போதும் அவனுக்கு ரொம்பப் பிடித்த விதி.

மாலையில் மேடம் அவன் மேசைவரை நடந்து வந்தார். “போர்டு முழுக்கப் பச்சை. பாக்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு கிளியர். நாளைக்குக் காலையில வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்.” அவன் தலை தானாகக் குனிந்தது. வழியில் இனிப்பு வாங்கலாமா என்று யோசித்து, கையெழுத்து ஆகட்டும் என்று விட்டுவிட்டான். இனி அவசரமில்லை என்பதால் அன்று மெதுவாகத்தான் வீடு வந்து சேர்ந்தான். தெருவின் மறுபக்கமாக வந்ததால் அந்த முனையைக் கடக்கவும் இல்லை.

மனைவி அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடையில் அணைத்து வைத்திருந்த போனைத் திறந்தாள், அது ‘டிங்’ என்றது.

“பார்றா! சரி பண்ணிட்டாங்களாம்!” என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. “படம்கூட அனுப்பியிருக்காங்க.”

இத்தனை வருடத்தில் அவன் மூடிய புகார்களுக்குக் கணக்கில்லை. மூடிய பிறகு புகார் கொடுத்தவருக்கு என்ன போய்ச் சேரும் என்று ஒருநாளும் அவன் பார்த்ததில்லை. திரைக்கு இந்தப் பக்கம்தான் அவனுக்குத் தெரியும். ஏற்றிய படம் அப்படியே அந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

அவள் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். மலர்ந்த முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. பலகையின் ஓரத்தில், ஒட்டுத்தாளை மடித்து ஒட்டிய இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு ரோஜாப்பூ தெரிந்தது. அவள் நடைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். கீழே குவிந்து கிடந்த போர்வைகளைப் பார்த்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள்.

“அந்த இடப்பக்கமா வலப்பக்கமா… நீங்கதானா?”

பொய் சொல்ல அவனுக்கு வாயே வரவில்லை. தலையை ஆட்டினான். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். மூலையில் குச்சி இல்லை. “அப்பா கிளம்பிட்டாரா?” என்றாள்.

இரண்டு பேரும் ஓடினார்கள். அவள் வெறுங்காலோடு ஓடினாள்.

முனையில் மாமனார் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் மடங்கியிருந்தது, மற்றது முழங்கால்வரை பள்ளத்துக்குள். பலகை ஒரு பக்கம் சரிந்து, பூப் பக்கம் மேலாக, பாதி சாக்கடையில் கிடந்தது. குச்சியைக் காணவில்லை. ஒரு செருப்பையும் காணவில்லை. யாரையும் கூப்பிடாமல், ஏதோ காற்று வாங்க உட்கார்ந்தவர்போல நேராக உட்கார்ந்திருந்தார்.

“அப்பா!”

“ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. கத்தாத. தெருவே பாக்கும்.”

இரண்டு பேரும் கைகொடுத்துத் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மனைவி குனிந்து எலும்பைத் தடவிப் பார்த்தாள், விரல்களை அசைக்கச் சொன்னாள். அசைந்தன. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“பள்ளமா இருந்தவரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்ல மாப்பிள்ளை,” என்றார் மாமனார், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு. “குச்சிக்குத் தட்டாது, ஒதுங்கிடுவேன். இன்னைக்கு நல்லா டொக்குன்னு தட்டுச்சு. அட, மூடி போட்டுட்டாங்கடான்னு நம்பி முழுக் காலையும் வெச்சேன். எந்த மடையனோ வெறும் பலகையைப் போட்டுட்டுப் போயிருக்கான். பள்ளத்தைப் பள்ளமாவாவது விட்டிருக்கலாம்ல?”

இதுவரை எத்தனையோ பேர் புகார் பெட்டியில் அவனைத் திட்டி எழுதியிருக்கிறார்கள், எதுவும் அவன்மேல் ஒட்டியதில்லை. தன் தோளையே பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னது தைத்தது. மனைவி அவன் முகத்தைப் பார்க்காமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவர் உதறவில்லை. அது அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

“நீங்க போங்க. நான் இங்க நிக்கிறேன்,” என்றான். “யாராவது வந்தா சொல்லணும்.”

அவர்கள் மெதுவாகப் போனார்கள். அவன் பலகையை மேலே இழுத்துப் போட்டான், குச்சியைத் துழாவி எடுத்தான். பிறகு போனை எடுத்து, ஊர்க்காரன் மாதிரி அதே இணையப் புகார்ப் பக்கத்துக்குப் போய், அதே இடத்தைக் குறித்து, புகார் எழுதி அனுப்பினான். மேடத்திடம் போகாமல் தப்பிக்க ஒரு வழி இருக்காதா என்ற நப்பாசைதான். அனுப்பின வேகத்தில் பதில் வந்தது. ‘இங்கே சமீபத்தில் பழுது பார்க்கப்பட்டுள்ளது. தங்கள் அக்கறைக்கு நன்றி.’

பையோடு ஒரு பெண் வந்தாள். “பாத்துங்க, பள்ளம்,” என்று கையை நீட்டி மறித்தான். அவள் சுற்றிக்கொண்டு போனாள். பிறகு சைக்கிள் தள்ளிக்கொண்டு ஒருவர். அவரிடமும் சொன்னான். அவர் போனதும் மேடத்துக்குப் போன் போட்டான்.

“சொல்லுங்க கிளியர். நாளைக்குக் காலையில பேசலாமே?”

“மேடம், போர்டுல ஒண்ணு பச்சை இல்ல.”

“எது? நான் பாத்தேனே, எல்லாம் பச்சைதான்.”

“இன்னைக்குக் காலையில வடிகால் மூடின்னு ஒண்ணு மூடினேன் மேடம். அதைத் திறக்கணும். அங்க மூடியே போடலை.”

“படம் ஏத்தியிருக்கீங்களே?”

“அது எங்க வீட்டு அலமாரித் தட்டு மேடம். நான்தான் வெச்சேன். அதுல கால் வெச்சு எங்க மாமனார் விழுந்துட்டார்.”

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

“திறந்தா உடனே சிவப்புல விழும். உங்களுக்குப் புரியுதா?”

“புரியுது மேடம்.”

“கையெழுத்து நாளைக்கு நடக்காது. அதுக்கப்புறம் என்னன்னு நான் இப்போ சொல்ல முடியாது. என் கையிலயும் இல்ல.”

“திறந்துடுங்க மேடம்.”

மேடம் போனை வைத்துவிட்டார். அவனுக்கு அழுகை வந்தது, தெருவில் நின்று அழ வெட்கமாக இருந்ததால் முழங்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் நிம்மதி வந்துவிடவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டது.

மனைவி திரும்பி வந்தாள், இப்போது செருப்பு போட்டிருந்தாள். கையில் குளியலறையின் சிவப்பு பக்கெட்டும் துடைப்பக் கட்டையும். பக்கெட்டைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். கட்டையைக் குறுக்கே சாத்தினாள். தூரத்திலிருந்து பார்த்தாலும் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது.

“கால் எப்படி இருக்கு?” என்றான்.

“மருந்து போட்டிருக்கேன். டீ போட்டுக் குடுத்தேன், கடை டீ மாதிரி இல்லையாம்.”

“மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும்.”

அவள் பக்கெட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தாள், ஆடுகிறதா என்று.

“அப்பா விட மாட்டேங்கிறாரு. பலகை வெச்ச மடையன் யாரு, மாப்பிள்ளை ஆபீஸ்ல கேட்டா தெரிஞ்சுடுமேன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“நீ என்ன சொன்ன?”

வீட்டிலிருந்து ஓடி வந்த பிறகு அவள் முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தாள்.

“கூடுதல் விவரம் தேவைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அவன் மாமனாரின் குச்சியைச் சட்டையில் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தான்.